கோடோவுக்கு யார் முதலாளி?

கோடோ என்பது கம்ப்யூட்டர் கேம் செய்ய உதவும் மென்பொருள், அதாவது கேம் எஞ்சின். அதைப் பற்றி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: “கோடோ எஞ்சினில் கேம் செய்து பழகுகிறேன். உலகம் முழுக்க யார் யாரோ எழுதும் எஞ்சின் என்கிறார்கள். அப்படியானால் முடிவெடுப்பது யார்? ஓட்டுப் போடுவார்களா?”

ஓட்டெல்லாம் கிடையாது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் தங்கள் வேலைக்காக எழுதிய எஞ்சின் இது. 2014-ல் எம்ஐடி லைசன்ஸில், அதாவது யாரும் நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதியோடு, எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நன்கொடைப் பணத்தை நிர்வகிக்க 2022-ல் நெதர்லாந்தில் ஒரு ஃபவுண்டேஷன் அமைந்தது. சிலருக்குச் சம்பளம் உண்டு. பெரும்பாலோர் சும்மாவே செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கோடை, அதாவது நிரல் வரிகளைத் திருத்தி, ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். ரெண்டரிங் (திரையில் படம் வரைவது), பிசிக்ஸ் (பொருள்கள் விழுவது, மோதுவது) என்று அந்தந்தப் பகுதியைக் கவனிப்பவர்கள் படித்துப் பார்த்துக் குறை சொல்வார்கள். திருத்தத்தை எஞ்சினோடு சேர்க்கும், அதாவது மெர்ஜ் செய்யும் உரிமை மட்டும் சிலர் கையில்தான்.

இதுவரை சொன்னது கிட்ஹப் என்ற கோடு பகிரும் தளத்தில் பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த இடம் அதற்கு முந்தைய படி. புது வசதி வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். “என்ன வசதி வேண்டும்?” என்று அது ஆரம்பிப்பதில்லை. நீங்கள் என்ன கேம் செய்கிறீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறது. அப்புறம்தான் தீர்வு. அடுத்து இரண்டு கிடுக்கிப்பிடி: இதை நாலைந்து வரி ஸ்கிரிப்ட்டில் நீங்களே சமாளிக்க முடியாதா? வேண்டியவர் மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆனாக இல்லாமல் எஞ்சினுக்குள்ளேயே ஏன் இருக்க வேண்டும்?

உதாரணமாக, ஒருவர் ரெடிமேடாக ஒரு சேவ் சிஸ்டம் கேட்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு கேமுக்கும் சேமிக்க வேண்டியது வேறு. சில வரிகளில் எழுதியும் விடலாம். ஆக, ஆட்-ஆன் போதும். ஆனால் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லச் சொன்னால், “பெரிய ஃபைலைத் திறக்கும்போது கேம் உறைந்துவிடுகிறது” என்கிறார். அது வேறு விஷயம்! எஞ்சினுக்குள் பார்க்க வேண்டியது. அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால் அவருடைய தொல்லை அப்படியே இருந்திருக்கும்.

இத்தனை கறார் எதற்கு? வசதியை எழுதிக் கொடுத்தவர் அடுத்த வருடம் வேலை கிடைத்துப் போய்விடலாம். கோடு போகாது. அதில் வரும் பக், அதாவது பிழைகளையெல்லாம் காலத்துக்கும் சரிசெய்வது தன்னார்வலர்கள்தான். தலைமையின் முக்கால்வாசி வேலை, வருத்தப்படாத மாதிரி ‘வேண்டாம்’ சொல்வது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மேலே இருப்பவர்கள் அராஜகம் செய்தால்? தேவனாம்பட்டினத்தில் ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவு பிடிக்காத மீனவர் வேறு கடலைத் தேடிப் போக முடியாது. கோடுக்கு அந்தச் சிக்கல் இல்லை, கடலையே நகல் எடுக்கலாம்! அதுதான் ஃபோர்க்: மொத்தக் கோடையும் நகலெடுத்துத் தனியே நடத்துவது. 2024-ல் கோடோ நிர்வாகத்தோடு ஒத்துப்போகாத சிலர் அப்படித்தான் ரெடாட் என்று தனியே ஆரம்பித்தார்கள். 2023 செப்டம்பரில் நகலெடுக்க அனுமதி இல்லாத இன்னொரு கேம் எஞ்சினான யூனிட்டியின் நிறுவனம், கேம் இன்ஸ்டால் ஆகும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது, அதன் பயனர்களுக்கு இந்த வழி இல்லை. கத்தினார்கள், பலர் கோடோ பக்கம் வந்தார்கள். ஒரு வருடம் கழித்து யூனிட்டி அந்தக் கட்டணத்தையே கைவிட்டது. ஃபோர்க் செய்வது சுலபம், நடத்துவது கஷ்டம். ஆனால் அந்தக் கதவு திறந்திருப்பதாலேயே உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறார்கள்.

நம் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி வருட புராஜெக்ட் பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போகிறது. ஆயுத பூஜைக்கு லேப் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், அதில் ஓடும் மென்பொருளை யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஓபன் சோர்ஸில், அதாவது கோடோ போல எல்லோருக்கும் திறந்த மென்பொருளில், ஒரு பக்கைச் சரிசெய்து மெர்ஜ் வாங்குவதையே புராஜெக்ட்டாக ஏற்று, அதற்கு உதவித்தொகையும் தரலாம்.

லாஸ்பேட்டைத் தம்பி, கோடோவின் கிட்ஹப் பக்கத்தில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவர்களுக்கு ஏற்ற பிரச்சினை) என்ற லேபிள் ஒட்டியவற்றில் ஒன்றை எடுங்கள். எஞ்சின் எழுதப்பட்ட சி பிளஸ் பிளஸ் மொழி பயமாக இருந்தால் ஆவணத்தில் ஒரு பிழை திருத்துங்கள், அதற்கும் இதே வரிசைதான்.