அடிபோசியர்: பிணமெழுகு

மண்ணில் புதைத்த உடல் காலப்போக்கில் சிதைந்து எலும்பு மட்டுமே எஞ்சும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். காற்றோட்டமும் அளவான ஈரமும் உள்ள மண்ணில் அப்படியே நடக்கிறது. நீர் தேங்கும் களிமண்ணிலோ நிலத்தடி நீர் எட்டும் ஆழத்திலோ புதைத்தால் நிலைமை வேறாகிவிடும். ஆக்சிசன் இல்லாத ஈரச் சூழலில் பாக்டீரியாக்கள் உடற்கொழுப்பை நீராற்பகுத்து, அதாவது நீரின் துணையால் உடைத்து, பால்மிட்டிக், ஸ்டியரிக் போன்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. வெண்மையோ சாம்பல் நிறமோ கொண்ட அந்தப் பொருள் முதலில் பிசுபிசுப்பாக இருந்து, பின்னர் இறுகி, உடலின் உருவத்தைக்கூடப் பல பத்தாண்டுகள் காத்துவிடும். இதையே தடயவியலிலும் மண்ணியலிலும் அடிபோசியர் என்கின்றனர்.

கொழுப்பைக் குறிக்கும் ‘அடெப்ஸ்’, மெழுகைக் குறிக்கும் ‘செரா’ ஆகிய இலத்தீன் சொற்களை இணைத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மொழியில் ‘அடிபோசிர்’ என்று இப்பெயரை உருவாக்கியவர் வேதியியலாளர் அந்துவான் பிரான்சுவா டி ஃபூர்க்ருவா. பாரிசில் பல நூற்றாண்டுகளாகப் பிணங்களை ஏற்றுத் தாங்க முடியாமற்போன ‘இன்னொசான்’ இடுகாடு 1780இல் மூடப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் தோண்டப்பட்டபோது, பிணங்களை நெருக்கி அடுக்கியிருந்த பொதுக் குழிகளில் இப்பொருள் பெருமளவில் காணப்பட்டது. அதை முன்பே நன்கறிந்திருந்த குழிவெட்டும் தொழிலாளர்கள் அதனைக் ‘கொழுப்பு’ என்றே அழைத்து வந்தனர். அறிவியலுக்கு முன்னரே அங்கே அனுபவம் இருந்தது என்பதை மறக்கலாகாது. வேதியியலாளர் லவாய்சியருடன் சேர்ந்து 1787இல் வேதிப்பொருள்களின் பெயரிடலைச் சீர்செய்த ஃபூர்க்ருவா, இந்தப் பெயரில் மட்டும் சற்றுச் சறுக்கினார். பித்தப்பைக் கல்லின் கொழுப்புப்பொருளையும் திமிங்கிலத் தலையிலிருந்து கிடைக்கும் மெழுகையும் இதனுடன் ஒன்றெனக் கருதி, மூன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டினார். அவை வெவ்வேறு பொருள்கள் என்பதைப் பின்னர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் நிறுவினார்.

தமிழில் ‘கொழுப்புமெழுகு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அது எங்கே, எதிலிருந்து உண்டாகிறது என்பது விளங்காது. வேதியியல்படி பார்த்தால் இது மெழுகும் அன்று. கொழுப்பு அமிலங்களும் அவற்றின் உப்புகளும் சேர்ந்த, சவர்க்காரத்துக்கு நெருங்கிய பொருள். எனினும் ‘பிணச்சவர்க்காரம்’ என்பது நாவில் நிற்காது. ஜெர்மானியர் ‘பிணம்’, ‘மெழுகு’ என்னும் பொருளுடைய இரு சொற்களைச் சேர்த்தே இதை வழங்குகின்றனர். அவ்வழியில் ‘பிணமெழுகு’ என்பதே பொருத்தமானது என்பது என் முடிவு. தோற்றம், தொடுவுணர்வு, பிறப்பிடம் ஆகிய மூன்றையும் அது ஒருசேரச் சொல்லிவிடுகிறது. ‘பிணம்’ கடுமையாக ஒலிக்கிறது என்று தயங்குவோர் உண்டு. ஆனால் சவம், பிரேதம் என்னும் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொல் அதுவே. அறிவியல் எழுத்தில் மழுப்பல் உதவாது. இம்மாற்றம் நிகழ்வதைப் ‘பிணமெழுகாதல்’ எனலாம்.

இச்சொல் மண்ணைப் பற்றி அக்கறை கொள்வோருக்கு ஏன் தேவை? இயல்பாகச் சிதையும் உடல், நைட்ரசன், பாசுபரசு, கால்சியம் ஆகியவற்றை மண்ணுக்குத் தருகிறது. தொடக்கத்தில் அவற்றின் செறிவு தாங்காமல் சுற்றியுள்ள செடிகள் கருகினாலும், பின்னர் அவ்விடத்திலேயே செழிப்பான வளர்ச்சி தோன்றும். பிணமெழுகானால் இந்தச் சுழற்சி தடைபட்டு, வேருக்கு எட்ட வேண்டிய சத்தில் ஒரு பகுதி இறுகிய கட்டிக்குள் பூட்டப்படுகிறது. மேலும், பிணமெழுகை உண்டாக்கும் அதே காற்றின்மைதான் வேர்களையும் மூச்சுத்திணற வைக்கிறது. ஆழ வேரோடி நீரை உறிஞ்சி மண்ணை உலர்த்தக்கூடிய மரங்கள் அங்கே நலிந்தால், ஈரம் இன்னும் தேங்கும்.

புதைகுழிகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் பயன்படுத்தும் ஜெர்மனியில் இது உண்மையான நிர்வாகச் சிக்கலாகிவிட்டது. தவணை முடிந்து தோண்டினால் உடல் அப்படியே கிடக்கிறது. கனரக எந்திரங்கள் மண்ணை இறுக்குவதும், உறவினர் பாசத்தோடு கல்லறைப் பூச்செடிகளுக்கு மிகையாக நீர் ஊற்றுவதும் அங்கே காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. செயற்கை இழை ஆடைகள், நெகிழி உறைகள், உலோகம் பொதிந்த பெட்டிகள் ஆகியனவும் காற்றைத் தடுத்து இதற்குத் துணைபோகின்றன. பெட்டியின் வண்ணப்பூச்சிலிருந்தும் உலோகப் பூண்களிலிருந்தும் துத்தநாகம், ஈயம், செம்பு ஆகியவை கசிந்து மண்ணில் சேர்வது இன்னொரு தனிச் சிக்கல்.

தடுக்கும் வழி மண்ணிலேயே இருக்கிறது. ஆழங்குறைந்த குழி, மணல் கலந்த மண், வடிகால், மக்கக்கூடிய பருத்தித் துணி, மெல்லிய மரப்பெட்டி ஆகியவை காற்றையும் நுண்ணுயிர்களையும் உடலிடம் சேர்க்கின்றன. பிரேசில் 2003இல் இயற்றிய இடுகாட்டு விதி, குழியின் அடிமட்டம் நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டத்துக்கு மேல் குறைந்தது 1.5 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது.