வேகம் எந்த இடத்தில் குறைகிறது?

"இணையம் மெதுவாக இருக்கிறது" என்று பழுதுபார்க்க என்னை அழைப்பவர்களில் பலர், நான் போய்ச் சேர்வதற்குள் கூடுதல் வேகத் திட்டத்திற்கு மாறியிருப்பார்கள். சிலர் புதிய ரௌட்டரே வாங்கியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பு, ரௌட்டர், அதிலிருந்து கருவி வரையுள்ள கேபிள் அல்லது வைஃபை, கடைசியாக அந்தக் கருவி ஆகிய நான்கில் பழுது எங்கே என்று தெரியாமல் செலவழித்தால், பழைய வேகமே புதிய கட்டணத்தில் கிடைக்கும்.

ஆகவே முதல் சோதனை கேபிளில்தான் நடக்க வேண்டும். மற்றக் கருவிகளை விலக்கி, மடிக்கணினியின் வைஃபையை அணைத்து, லேன் கேபிளை நேராக ரௌட்டரில் செருகி ஸ்பீட் டெஸ்ட் செய்து பாருங்கள். திட்டத்தில் சொல்லப்படும் வேகம் மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 12 மெகாபைட் இறங்கினால் அது குறையே அல்ல. இந்த விளக்கத்தோடு முடிந்துபோன அழைப்புகளும் உண்டு.

ஒரு வீட்டில் 300 எம்பிபிஎஸ் திட்டம். ரௌட்டருக்கு அருகில் கைப்பேசியில் 250க்கு மேல் வந்தது. கேபிளில் செருகிய கணினியிலோ எத்தனை முறை பார்த்தாலும் 94. இந்த எண்ணைக் கண்டதும் நான் கேபிளைத்தான் சந்தேகிப்பேன். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்திற்குக் கேபிளிலுள்ள 8 கம்பிகளும் வேண்டும்; 100 எம்பிபிஎஸ் ஓட 4 போதும். அந்த 4-இல் சேராத ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு துண்டிக்கப்படாமல் 100க்கு இறங்கிவிடுவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்த வீட்டில் கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருந்தது, மாற்றியதும் சரியாயிற்று. கேபிள் நன்றாக இருந்தும் இதே எண் வந்தால், ரௌட்டரில் கேபிள் செருகும் போர்ட்டே 100 வரை மட்டும் தரக்கூடியதா என்று பார்க்க வேண்டும்.

கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், திட்டத்தை மாற்றிப் பயனில்லை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு போகும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் பிரிக்கப்பட்ட பாதைகள்) அதில் 1, 6, 11 என மூன்றுதான், அண்டை வீட்டு ரௌட்டர்களும் அங்கேதான் நெரிபடுகின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். ரௌட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை. பலர் கவனிக்காத இன்னொன்று, ரௌட்டரிலுள்ள வைஃபை பாதுகாப்பு அமைப்பு: அது டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய முறையில் இருந்தால், ரௌட்டர் எவ்வளவு புதிதானாலும் இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. அலைகள் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட அறையில் ரிப்பீட்டரை (வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வைப்பதும் வீண். ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்பும் வகையாக இருந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும்.

இரவில் மட்டும் எல்லாம் தடுமாறுகிறது என்றால், யாருடைய கைப்பேசியாவது படங்களை மேகச் சேமிப்பிற்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேற்றப் பாதை அடைபட்டால், தரவு வந்துசேர்ந்ததாக நம் கருவி அனுப்பும் ஒப்புதல்கள் தாமதமாகி, பதிவிறக்கமும் சேர்ந்து தளரும்.

கேபிளிலேயே குறைந்தால், காலை, மதியம், இரவு என மூன்று வேளை அளந்து குறித்துக்கொண்டு இணைய நிறுவனத்தை அழையுங்கள். அதற்கு முன், வீட்டிற்குள் வரும் மெல்லிய ஃபைபர் இழை எங்காவது கூர்மையாக மடிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.