எம்.ஃபில். சேர்க்கை என்று நோட்டீஸ் வந்தால் பணத்தை எடுக்காதீர்கள்

கேரள-தமிழக எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், நான் 'டீச்சர்', அந்தப் பக்கம் போனால் 'மேடம்'. வீடு கொழிஞ்சாம்பாறையில், வேலை கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில். ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஃபைலும் கையுமாக வந்துவிடுவார்கள். போன மாதம் வந்தவன் எருத்தேம்பதிப் பையன், எம்.ஏ. தமிழ் முடித்தவன். கையில் வழவழப்பான நோட்டீஸ்: எம்.ஃபில்., பார்ட் டைம், வகுப்புக்கு வரத் தேவையில்லை, ஒரே வருடத்தில் பட்டம். முன்பணம் பத்தாயிரம் கட்டியாகிவிட்டது. "டீச்சர், நீங்களே கைடா இருக்க முடியுமா?" என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருந்த ஆய்வுப் பட்டமான எம்.ஃபில்.லை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் கொண்டுவந்த விதிகளிலேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் சில இடங்களில் சேர்க்கை நடந்ததால் 2023 டிசம்பரில், அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லை, யாரும் சேர வேண்டாம் என்று மறுபடி அறிவிப்பு வந்தது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை தவணை கொடுத்தார்கள். விதி வருவதற்கு முன்பே வாங்கியவர்களின் பட்டம் செல்லும், என்னுடையதும் அதில் ஒன்று. இதைச் சொன்னதும் பையன் முகம் சுருங்கிப் போனது, எனக்கே சங்கடமாக இருந்தது.

சரி, இப்போது என்னதான் இருக்கிறது? முதுகலைக்குப் பிறகு ஆய்வு என்றால் பிஎச்.டி. தான். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு ஐஐடி சென்னை போன்ற இடங்களில் ஆய்வு வழியாகவே வாங்கும் எம்.எஸ். இருக்கிறது, பெங்களூரு ஐஐஎஸ்சியில் பி.எஸ்சி. முடித்தே சேரக்கூடிய ஒருங்கிணைந்த பிஎச்.டி. இருக்கிறது. டி.லிட்., டி.எஸ்சி. எல்லாம் பிஎச்.டி.க்கும் மேலே, நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. போஸ்ட் டாக் என்பது பட்டமே கிடையாது, பிஎச்.டி. முடித்தவர்கள் பார்க்கும் ஆய்வு வேலை. கல்யாணப் பத்திரிகையில் அதையும் பட்டமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன்!

பிஎச்.டி.க்குள் ஃபுல் டைம், பார்ட் டைம் என்று இரண்டு இருக்கிறதே, அங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பார்ட் டைம் என்பது குறுக்குவழி இல்லை. கோர்ஸ் ஒர்க் (படித்துத் தேற வேண்டிய பாடங்கள்) உண்டு, குறைந்தது 12 கிரெடிட், ஆய்வுக்குழு முன்னால் அவ்வப்போது போய் நிற்க வேண்டும், வேலை பார்க்கும் இடத்தில் ஆட்சேபனை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.) வாங்கித் தர வேண்டும். அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்த அனுமதியே இல்லை. என்னிடம் ஒரு பெண் ஃபுல் டைமில் பதிந்து உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக் கஷ்டத்தால் யாருக்கும் சொல்லாமல் ஒரு தனியார் பள்ளியிலும் சம்பளம் வாங்கினாள். விஷயம் வெளியே வந்ததும் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டார்கள், ஆய்வு ஒரு வருடம் நின்றது. முதலிலேயே பார்ட் டைமில் பதிந்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

காலக்கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோர்ஸ் ஒர்க் சேர்த்துக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருடம் உண்டு, பிரசவ விடுப்பு 240 நாள் வரை தனி. இது தெரியாமல் குழந்தை பிறந்ததும் ஆய்வையே விட்டுவிட்ட பெண்கள் சித்தூர்த் தாலுகாவிலேயே எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

அப்புறம் கைடு. பேராசிரியர் என்றால் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4, அதற்கு மேல் எடுக்க முடியாது. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. "இடம் இருக்கு, வாங்க" என்று ஒருவர் சொன்னால் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

தீசிஸ் எழுதித் தருகிறேன் என்று தொகை பேசுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. மற்றவர்கள் எழுதியதோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தரச் சொல்வார்கள், 60 தாண்டினால் பதிவே ரத்து. பணம் வாங்கியவர் வாய்மொழித் தேர்வான வைவாவில் வந்து உட்காரப் போவதில்லை.

எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொரு தொல்லை. கோயம்புத்தூரில் எம்.ஏ. வாங்கிவிட்டுக் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேரப் போனால் அது தங்கள் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் சமானச் சான்றிதழ் கேட்கலாம். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது, விண்ணப்பத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

எருத்தேம்பதிப் பையனுக்குப் பத்தாயிரம் திரும்பி வரவில்லை. இப்போது கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிக்கிறான். 2024 ஜூன் முதல் அந்த மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கைக்குப் போகலாம், ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்குத் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 என்று கணக்கு, அந்த மதிப்பெண் ஒரு வருடம் வரை செல்லும். எங்கள் பக்கத்துக் கிணற்றுப் பாசனச் சொற்களை வைத்து ஆய்வு செய்ய ஆசையாம். இதே தலைப்பில் யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று ஆய்வேடுகள் இருக்கிற சோத்கங்கா இணையதளத்தில் தேடிவிட்டு வா என்று அனுப்பினேன். நேற்று ராத்திரி போன் செய்தான், ஒரு பேராசிரியர் பெயரைச் சொல்லி அவரிடம் சேரலாமா என்று கேட்டான். அவர் எந்த வருடம் ரிடையர் ஆகிறார் என்று முதலில் கேட்டு வா என்றேன்.