‘கே’ என்பது எண்ணா, இலக்கமா?

சூரியனில் பெரிய வெடிப்பு ஏதாவது நிகழ்ந்தால், இரண்டொரு நாளில் ‘கேபி குறியீடு 8-ஐத் தொட்டது’ என்று ஒரு செய்தி வரும். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்று காட்டுவதுதான் இந்தக் கேபி (Kp). குறியீடு என்று சிலர் எழுதுகிறார்கள், குறியீட்டெண் என்று சிலர்; வம்பே வேண்டாம் என்று ‘கேபி அளவு’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தக் ‘கே’ எந்தச் சொல்லின் முதலெழுத்து என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது தெரிந்தால் தமிழில் எப்படி எழுதுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

‘கே’ வந்தது ‘கென்சிஃபர்’ என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து. ‘கென்’ என்பது அறிதல், அடையாளம் காணுதல். ‘சிஃபர்’ என்பது இலக்கம், அதாவது 0 முதல் 9 வரையுள்ள ஒற்றை உரு. இந்தச் ‘சிஃபர்’ நமக்கு அந்நியச் சொல்லும் அல்ல. வடமொழிச் ‘சூன்யம்’ அரபியில் ‘ஸிஃப்ர்’ என்று மொழிபெயர்ந்து, ஐரோப்பா போய், ஜெர்மனில் ‘சிஃபர்’ ஆகி எல்லா இலக்கத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பூஜ்ஜியத்தை நாம் ‘சைபர்’ என்கிறோமே, அதே சொல்தான்.

இந்தப் பெயரை வைத்தவர் யூலியஸ் பார்ட்டெல்ஸ் என்ற ஜெர்மன் புவி இயற்பியலாளர். 1938-இல் ஜெர்மனியின் நீமெக் காந்த ஆய்வகத்தின் பதிவுகளுக்காக இதை வகுத்தார். அதற்கு முன்பு ஒவ்வோர் ஆய்வகமும் ஒரு நாளின் காந்தப் பதிவைப் பார்த்து, அமைதியான நாள் என்றால் 0, ஓரளவு கலங்கிய நாள் என்றால் 1, மிகவும் கலங்கிய நாள் என்றால் 2 என்று மதிப்பிட்டு அனுப்பும். ஒரு முழு நாளுக்கு ஒரே மதிப்பு. அதுவும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. பார்ட்டெல்ஸ் நாளை எட்டாக வெட்டினார். மூன்று மணி நேரத்துக்கு ஓர் இலக்கம்.

அந்த இலக்கம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால்தான் சொல்லின் பொருள் பிடிபடும். பழைய காந்தப்பதிவுக் கருவி இருட்டறையில் இருக்கும். மெல்லிய இழையில் ஒரு சிறு காந்தம் தொங்கும். அதோடு ஒரு சின்னக் கண்ணாடி. விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, கடிகாரப் பொறியால் சுழலும் உருளையில் சுற்றிய ஒளிப்படத்தாளில் விழும். காந்தம் இம்மி அசைந்தாலும் ஒளிப்புள்ளி தாளில் நன்றாகவே நகரும். மறுநாள் தாளைக் கழுவி எடுத்தால் முந்தைய நாள் முழுவதும் ஒரே கோடாகக் கிடக்கும்.

அமைதியான நாளிலும் அந்தக் கோடு நேராக இருக்காது. பகலில் வெயிலால் மேல் வளிமண்டலத்தில் மின்னோட்டம் எழுந்து, கோடு மெல்ல வளைந்து மீளும். அது அன்றாட வழக்கம், கலக்கம் அல்ல. பதிவைப் படிப்பவர் முதலில் இந்த வழக்கமான வளைவை மனத்தில் கழித்துவிட வேண்டும். அதற்குத்தான் பழகிய கண் தேவை. பிறகு, அந்த மூன்று மணி நேரத்தில் கோடு உச்சத்திலிருந்து பள்ளம் வரை எவ்வளவு துள்ளியது என்று அளப்பார். கிடைப்பது 90 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். நீமெக் அட்டவணையில் 70 முதல் 120 வரை ஒரே படி. அதன் பெயர் 5. ஏட்டில் 5 என்று எழுதுவதோடு வேலை முடிந்தது. அந்த 90 இனி வராது.

படிகள் சம உயரம் கொண்டவை அல்ல. நீமெக்கில் அவற்றின் விளிம்புகள் 5, 10, 20, 40, 70, 120, 200, 330, 500 நானோடெஸ்லா. 5-க்குள் அடங்கினால் 0; 500-ஐ எட்டினால் 9. ஊருக்கு ஊர் விளிம்பும் மாறும். துருவ ஒளி நடமாடும் அலாஸ்காவின் காலேஜ் ஆய்வகத்தில் 9 என்று எழுத 2500 நானோடெஸ்லா துள்ள வேண்டும். ஹொனலூலுவில் 300 போதும். ஆக, இது அளந்த தொகை அல்ல. ‘இந்த இடத்துக்கு இது எத்தனையாம் படிக் கலக்கம்’ என்று காட்டும் அடையாளம்.

இப்போது தமிழுக்கு வரலாம். ‘குறியீடு’ என்பது சின்னத்துக்கும் சங்கேதத்துக்கும் ஏற்ற சொல், இங்கே பொருந்தாது. ‘குறியீட்டெண்’ விலைவாசிக் கணக்கில் வேரூன்றிய சொல். ஓர் அடிப்படை ஆண்டை 100 என்று வைத்து மற்றதை ஒப்பிடும் எண் அது. கேவுக்கு அப்படி ஓர் அடிப்படை ஆண்டு கிடையாது. என் தேர்வு ‘குறியிலக்கம்’.

ஏன் எண் கூடாது என்று கேட்கலாம். எண்ணைக் கூட்டலாம், சராசரி எடுக்கலாம். படியின் பெயரை அப்படிச் செய்தால் கணக்கு ஏமாற்றும். ஒரு நாள் எட்டுப் பொழுதிலும் 5. இன்னொரு நாள் நான்கு பொழுது 9, நான்கு பொழுது 1. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 40, சராசரி 5. இரண்டும் ஒரே மாதிரி நாட்களா? பார்ட்டெல்ஸுக்கே இது தெரிந்திருந்தது. அதனால் ‘ஏபி’ என்று தனியாக ஓர் எண்ணை ஏற்படுத்தினார். அதில் 1-க்கு 4, 5-க்கு 48, 9-க்கு 400. இப்போது சராசரி எடுத்தால் முதல் நாள் 48, மற்றது 202. ஏபியை எண் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஜெர்மன் மொழி இந்த வேறுபாட்டைக் காத்து வந்திருக்கிறது. சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளுக்கு சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவின் பெயர் ‘ரெலடிவ்சால்’. ‘சால்’ என்றால் எண். புள்ளிக்கூட்டங்களைப் பத்தால் பெருக்கித் தனிப்புள்ளிகளைக் கூட்டுவது அது. தனியாக ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் 11 வந்துவிடும். விசித்திரமான கணக்குதான், ஆனாலும் எண்தான். ஆங்கிலம் வழியாக மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பதால் நாம் இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிடுகிறோம்.

‘இலக்கம்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. பள்ளிக் கணக்கில் ‘மூன்று இலக்க எண்’ என்று படித்தவர்களுக்கு அது ஒற்றை உரு. இலங்கைத் தமிழிலோ தொலைபேசி இலக்கம், வீட்டிலக்கம் என்று எண்ணுக்கே அதுதான் பெயர். போதாக்குறைக்கு, இலக்கத்தை வடமொழி ‘லக்ஷ’த்தோடு சேர்க்கிறது அகராதி, அதற்குக் குறி என்றும் ஒரு பொருள். குறியிலக்கம் என்றால் ‘குறிக்குறி’ ஆகிறது என்று யாராவது கிண்டல் செய்யலாம். செய்யட்டும், ‘நடுசென்டர்’ அளவுக்கு மோசமில்லை.

கேபியில் உள்ள ‘பி’ கோள் முழுவதற்கும் என்பதைக் குறிக்கிறது. 1949-இல் வந்த இது, 13 ஆய்வகங்களின் குறியிலக்கங்களை ஒருமுகப்படுத்திச் சேர்ப்பது. பின்னோக்கிக் கணக்கிட்டு 1932 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது. ‘கோள் குறியிலக்கம்’ என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அதைப் பார்த்ததும் ஜாதகக் கட்டம்தான் நினைவுக்கு வரும். ‘புவியளாவிய குறியிலக்கம்’ நீளம் என்றாலும் தெளிவு.

பார்ட்டெல்ஸ் கேபியை வெறும் பட்டியலாக விடவில்லை. ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறிப்புபோல வரைந்தார். 27 நாளுக்கு ஒரு வரி. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒருமுறை சுழன்று வர ஏறத்தாழ அத்தனை நாள் ஆகும். வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், ஒரே இடத்தில் மாதாமாதம் கலக்கம் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். அதற்குக் காரணமான சூரியப் பகுதிகளில் புள்ளி எதுவும் தென்படவில்லை. அவற்றுக்கு, காந்தத்தைக் கலக்கும் பகுதி என்ற பொருளில், ‘எம் பகுதி’ என்று 1932-இலேயே பெயரிட்டிருந்தார். அவை சூரிய ஒளிவட்டத்தில் உள்ள துளைகள் என்று 1970-களில்தான் தெளிவாயிற்று.

ஒற்றை உருவுக்கு ஓர் உச்சி உண்டு. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்கட்டமைப்பு சாய்ந்தபோது கேபி 9. 2024 மே மாதப் புயலிலும் 9. துருவங்களிலிருந்து விலகிய, தாழ்ந்த அட்சரேகை நிலையங்களின் கணக்கிலோ முதலாவது கணிசமாக வலியது. 9-க்கு மேல் போக இடமில்லாததால் கேபியில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. கேபியை இப்போது கணக்கிடும் ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவி அறிவியல் மையம், அரை மணிக்கும் ஒரு மணிக்கும் ஒருமுறை கணக்கிடும் ‘எச்பி’ வரிசையைத் தொடங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல்வரம்பு இல்லை. 10, 11 என்று ஏறும். ஒற்றை இலக்கம் அங்கே உடைந்துவிடுகிறது. பெயரிலும் ‘கே’ இல்லை. அதை மட்டும் ‘குறியெண்’ என்று எழுதுவேன்.