ஒட்டி நிற்பது விலைதானா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் ஒரு கடைக்கு நான் செய்து கொடுத்த ஆர்டர் பக்கத்தில், எடையை மாற்றினாலும் விலை மாறாமல் நின்றுவிட்டது. உலாவியில் பிழைகளைக் காட்டும் கன்சோலில் செய்தி எதுவும் இல்லை. பழைய விலையிலேயே மூன்று ஆர்டர்கள் பதிவான பிறகுதான் கடைக்காரர் என்னை அழைத்தார். தவறு என்னுடையதே.

எடைப் பெட்டியை ஒட்டியே விலை இருந்த காலத்தில், ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் பக்கத்தின் அடுத்த உறுப்பை எடுக்கும் நெக்ஸ்ட் முறைக்கு, விலையின் கிளாஸை, அதாவது அந்த உறுப்புக்கு இட்ட வகைப்பெயரை, கொடுத்து எழுதியிருந்தேன். பின்னர் இரண்டுக்கும் இடையே செய்கூலி பற்றிய குறிப்பு ஒன்றைச் சேர்த்தோம். கிளாஸைக் கொடுத்துவிட்டால் அது கிடைக்கும்வரை நெக்ஸ்ட் தேடிக்கொண்டே போகும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். உண்மையில் அது ஒட்டி நிற்கும் ஒரே உறுப்பை எடுத்து, நாம் கேட்டது அதுதானா என்று மட்டும் பார்க்கிறது; இல்லையென்றால் வெற்றுத் தொகுப்பைத் தருகிறது. வெற்றுத் தொகுப்பில் எதை எழுதினாலும் ஜேக்வெரி வாய் திறக்காது. சாதாரண ஜாவாஸ்கிரிப்டில் உறுப்பைத் தேடும் குவெரிசெலக்டர் எதையும் காணாவிட்டால், ‘ஒன்றுமில்லை’ என்னும் நல் (null) கிடைக்கும். அதில் எழுத முயன்ற வரியிலேயே பிழை வெளிப்பட்டிருக்கும்.

தேடிச் செல்ல வேண்டுமானால், பின்னால் உள்ள எல்லாவற்றையும் பார்க்கும் நெக்ஸ்ட்ஆல் எழுதி, கிடைப்பவற்றில் முதலாவதை எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ளவை வேண்டுமானால் சிப்ளிங்ஸ் உண்டு. ஆனால் நம் வீடுகளில் சித்தப்பா மகனும் தம்பிதான். சிப்ளிங்ஸுக்கோ ஒரே பெற்றோர் உறுப்பின், அதாவது அவற்றை உள்ளடக்கிய உறுப்பின், நேரடிப் பிள்ளைகள் மட்டுமே உடன்பிறப்புகள். அழகுக்காக விலையைச் சுற்றி டிவ் என்ற உறை உறுப்பு ஒன்றைப் போட்டாலே அந்த உறவு அறுந்துவிடும். அழைத்த உறுப்பையே சிப்ளிங்ஸ் தன் விடையில் சேர்க்காது என்பதும் ஓர் உறுப்பை வைத்து அழைக்கும்வரைதான்; ஒரே பெற்றோரின் கீழுள்ள இரண்டை வைத்து அழைத்தால், ஒன்றுக்கு மற்றொன்று உடன்பிறப்பாகி இரண்டுமே உள்ளே வந்துவிடும். தேர்ந்தெடுத்த கொலுசு மாதிரிகளைத் தவிர மற்றவற்றை மங்கலாக்க நினைத்தால், எல்லாமே மங்கிப்போவது இதனால்தான்.

கடையின் பக்கத்தில் இப்போது ஒவ்வொரு கொலுசுக்கும் தனி வரிசை உறுப்பு இருக்கிறது. எடைப் பெட்டியிலிருந்து க்ளோசெஸ்ட் மூலம் அந்த வரிசைக்கு ஏறி, அங்கிருந்து ஃபைண்ட் மூலம் விலைக்கு இறங்குகிறேன். இடையில் எந்தக் குறிப்பு நுழைந்தாலும் வழி மாறாது. விலையை எழுதும் முன், கிடைத்த உறுப்புகளின் எண்ணிக்கையான லெங்த் ஒன்றுதானா என்றும் பார்க்கிறேன்; இல்லையென்றால் ஆர்டர் பொத்தான் முடங்கி, தொலைபேசியில் விலை கேட்கும்படி வாடிக்கையாளருக்கு ஒரு வரி தோன்றுகிறது.