தந்திக்கு நேரே முளை: பிக்கப் மாற்றுமுன் ஒரு மில்லிமீட்டர் கணக்கு

என் எலெக்ட்ரிக் கிட்டாரில் புது பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகத்தை, பொருத்தி, தந்திகளை ஏற்றி, சுருதி சேர்த்துவிட்டு மேலிருந்து குனிந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பிக்கப்பின் மேல் தந்திக்கு ஒன்றாகத் தலைநீட்டும் உலோக முளைகள் இருக்கும். நடுவில் இருக்கும் இரண்டு தந்திகளும் அந்த முளைகளின் உச்சிக்கு நேராக ஓடின. ஓரத்துத் தந்திகள் இரண்டும் முளைத் தலையின் வெளிப்பக்கமாக ஒதுங்கி நின்றன. ஆசைப்பட்டு வாங்கிய பொருள் கோணலாகத் தெரிந்தால் மனசு ஆறுமா? அன்று இரவே கழற்றினேன். மறுநாள் அளந்து பார்த்தேன். அப்புறம் அதே பிக்கப்பைத் திரும்பவும் மாட்டினேன்.

ஏன் மாட்டினேன் என்று சொல்ல, பிக்கப்புக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான் பிக்கப். கம்பி முடியளவு மெல்லியது, 0.06 மி.மீ. சொச்சம். ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகையில் ஏழெட்டாயிரம் சுற்றுகள் இருக்கும். சுருளின் நடுவே தந்திக்கு ஒன்றாக ஆறு முளைகள். சில பிக்கப்புகளில் முளையே காந்தம். இரண்டு சுருள்களைச் சேர்த்த ஹம்பக்கர் வகையில் முளை வெறும் எஃகு. காந்தம் அடியில் பட்டையாகப் படுத்திருக்கும். எப்படியானாலும் மேலே ஓடும் எஃகுத் தந்தி, முளையின் பக்கத்தில் இருப்பதால் தானும் ஒரு குட்டிக் காந்தமாகிவிடுகிறது. அது அதிர அதிர, சுருளின் ஊடே போகும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. மாறும் பாயம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் காட்டியது இங்கே அப்படியே வேலை செய்கிறது. நைலான் தந்தி போட்ட கிட்டாரில் இந்த பிக்கப்பை மாட்டினால் அது ஊமையாகவே இருக்கும்.

தந்தி முளைக்கு நேராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. முளையின் உச்சியில் புலம் வலுவாக இருக்கும், விலக விலகக் குறையும். அது சரிதான். எவ்வளவு விலகினால் எவ்வளவு குறையும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிட்டாரின் தந்திகள் இணைகோடுகள் அல்ல, விசிறி போல விரிபவை. தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் நட்டில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே சுமார் 35 மி.மீ. இருக்கும். மறுமுனையில், உடல்மீது தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் அதுவே 53 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே 648 மி.மீ. நீளம், ஃபெண்டர் வகைக் கிட்டார்களின் அளவு இது. பிரிட்ஜிலிருந்து 40 மி.மீ. தள்ளி இருக்கும் பிக்கப்பின் மேல் தந்திகளின் அகலம் 51.9 மி.மீ. கழுத்துப் பக்க பிக்கப் 160 மி.மீ. தள்ளி இருந்தால், அங்கே 48.6 மி.மீ. ஒரே கிட்டாரில் இரண்டு இடங்களுக்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். ஆகவே பிரிட்ஜில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு கழுத்துப் பக்க பிக்கப் வாங்கக் கூடாது.

கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில் ஓர முளைகளின் இடைவெளி சுமார் 49 மி.மீ. கழுத்துப் பக்கத்துக்கும் பிரிட்ஜ் பக்கத்துக்கும் அதே அளவுதான். அதைப் பிற்காலத்தில் ஃபெண்டர் பாணிக் கிட்டார்களின் பிரிட்ஜ் பக்கம் பொருத்த ஆசைப்பட்டவர்கள் பெருகியதும் அகலமான வகைகள் சந்தைக்கு வந்தன. பிக்கப் தயாரிக்கும் டிமார்ஸியோ நிறுவனம் தன் அகல வகையை எஃப் ஸ்பேஸ் என்கிறது, சுமார் 51 மி.மீ. இன்னொரு நிறுவனமான சீமோர் டங்கனின் ட்ரெம்பக்கர் 52.5 மி.மீ. அருகே வரும். பெயரைப் பார்த்து ஒலியே வேறு என்று நினைப்பவர்கள் உண்டு. மாறுவது முளைகளின் இடைவெளிதான்.

என் கிட்டாரில் தந்திகள் 51.9, பிக்கப் 49.2. பக்கத்துக்கு 1.35 மி.மீ. விலகல். முளைத் தலையின் குறுக்களவு ஏறக்குறைய 5 மி.மீ., அதாவது மையத்திலிருந்து விளிம்புக்கு இரண்டரை. ஓரத் தந்திகள்கூட இன்னும் முளையின் தலைமேல்தான் நிற்கின்றன. உள்ளே வர வர விலகலும் சுருங்கும்: இரண்டாவது, ஐந்தாவது தந்திகளுக்கு 0.8, நடு இரண்டுக்கும் கால் மில்லிமீட்டர். புலமும் முளையின் விளிம்போடு வெட்டுப்பட்டு நிற்பதில்லை, பக்கத்து முளையின் புலத்தோடு போய்க் கலக்கிறது.

இதை நம்பாதவர்கள் பெண்டு எடுக்கும்போது, அதாவது தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றும்போது, கவனிக்கலாம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதில் மூன்றாவது தந்தியை 8 மி.மீ. பக்கவாட்டில் தள்ளினால், கழுத்துப் பக்க பிக்கப்பின் மேல் அது ஏறக்குறைய 4 மி.மீ. நகர்கிறது. முளைகளுக்கு இடையே பத்து மி.மீ. கூட இல்லை, ஆக தந்தி கிட்டத்தட்ட இரண்டு முளைகளின் நடுவே போய் நிற்கிறது. அந்தச் சுரம் அங்கே அறுந்துபோகிறதா? இல்லை. சிங்கிள் காயிலில் காதைத் தீட்டிக் கேட்டால் லேசான தேய்வு தெரியலாம், அவ்வளவுதான். அதுவும் பிடிக்காதவர்களுக்கு ஆறு முளைகளுக்குப் பதில் ஒரே நீளப் பட்டை வைத்த ரெயில் பிக்கப் இருக்கிறது. இது புதுச் சரக்கு அல்ல. 1936-இல் வந்த கிப்சன் இ.எஸ். 150-இலேயே பட்டைதான்.

இதைவிட வேடிக்கை பேஸ் கிட்டார். 1960-இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு முளைகள். தந்தி எந்த முளையின் மேலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. அது மந்தமாக ஒலிக்கிறது என்று இதுவரை யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

பக்கவாட்டு விலகலை இவ்வளவு பொறுத்துக்கொள்ளும் காது, உயரத்தில் மட்டும் கறார். தந்திக்கும் முளைக்கும் இடையே உள்ள வெளியை அரை மில்லிமீட்டர் மாற்றினாலே ஒலி வேறு மாதிரி ஆகிவிடும். 1954-இன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் மூன்றாவது தந்தியின் முளை உயர்ந்து நிற்கும். அந்தக் காலத்தில் அந்தத் தந்தி மேல்கம்பி சுற்றிய வகை, உள்ளே எஃகு மெல்லிசு, ஒலி அடங்கும். அதை ஈடுகட்ட முளையை உயர்த்தினார்கள். இன்று அதே பிக்கப்பின் மேல் சுற்றில்லாத தந்தியைப் போட்டால் அது மட்டும் மற்றவற்றை மீறிக் கத்துகிறது. ரொம்பவும் கிட்டே கொண்டுபோனாலும் ஆபத்து. முளையே காந்தமாக உள்ள பிக்கப் என்றால் அது தந்தியைப் பிடித்திழுத்து, தடித்த தந்தியில் சுருதி நடுங்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தபடி 2 மி.மீ. இடைவெளியில் தொடங்கி, திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக் கேட்பதுதான் என் வழக்கம்.

இவ்வளவு சொன்னதால் முளைகளின் இடைவெளியை அலட்சியம் செய்யலாம் என்று ஆகாது. பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஓரத் தந்தி முளையை விட்டே இறங்கத் தொடங்கும். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் கிட்டாரில் கிப்சன் ஹம்பக்கர் ஒன்றைச் சாய்த்துப் பொருத்தியது இதற்காகத்தான் என்பார்கள். முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது: எதையும் சாய்த்தால் அதன் குறுக்கு அகலம் குறையத்தானே செய்யும்? 49 மி.மீ. வரிசையை 10 பாகை சாய்த்தால் 48.3-க்கு இறங்குகிறது. ஆனால் ஹம்பக்கரில் வரிசை இரண்டு, அவற்றுக்கு நடுவே சுமார் 18 மி.மீ. சாய்க்கும்போது ஒரு வரிசை இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் ஒதுங்குகின்றன. ஒரு வரிசையின் முதல் முளையிலிருந்து மற்ற வரிசையின் கடைசி முளை வரை அளந்தால் 51.4. ஓரத் தந்தி ஒவ்வொன்றுக்கும் நேராக ஏதோ ஒரு முளை வந்துவிடுகிறது. காகிதத்தில் வரைந்து பார்த்தபோது சிரிப்பே வந்தது.

அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. தந்தியின் இடது ஓரத்திலிருந்து இன்னொரு தந்தியின் இடது ஓரத்துக்கு அளந்தால் தப்பாக வரும், ஏனென்றால் தடிமன் வேறு. வழக்கமான செட்டில் ஆறாவது தந்தி 1.17 மி.மீ., முதல் தந்தி 0.25. ஆகவே வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து 0.7 கழித்தால் மையத்திலிருந்து மையம் கிடைக்கும். முளைகள் ஒரே தடிமன் என்பதால் அங்கே இடது ஓரத்திலிருந்து இடது ஓரம் போதும். தந்தி பிக்கப்புக்கு மேலே உயர்ந்து நிற்பதால் அளவுகோலைப் பார்க்கும் கோணமும் ஏமாற்றும். பிக்கப்பின் மேல் காகித டேப் ஒட்டி, தந்திக்கு நேர் கீழே பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோடுகளை அளக்கலாம்.

உண்மையில் அரை மில்லிமீட்டர்கூட மன்னிக்காத இடம் ஒன்று இருக்கிறது, அது காது சம்பந்தப்பட்டது அல்ல. சிங்கிள் காயிலின் பிளாஸ்டிக் மூடியில் ஆறு துளைகள். பழைய மூடி 50 மி.மீ. இடைவெளிக்கும் புது பிக்கப் 52-க்கும் செய்ததாக இருந்தால் முளைகள் துளைக்குள் இறங்கவே இறங்காது. அங்கே அழுத்திப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது முடியளவு கம்பி. முளை அசைந்து அது ஓரிடத்தில் அறுந்தால் பிக்கப் போனதுதான். துளையை அரத்தால் அகலப்படுத்தப் போய் ஒரு மூடியைக் கீறிக் கெடுத்தவன் சொல்கிறேன், பிக்கப்போடு அதே அளவு மூடியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.