'அந்தப் பேரை மட்டும் எழுதாதீங்க டாக்டர்': மனச்சிதைவு என்ற பெயரும் அதன் பழைய பயமும்

போன வாரமும் ஒரு அப்பா அதையே கேட்டார். "ஃபைலில் அந்தப் பேரை மட்டும் எழுதாதீங்க டாக்டர். டிப்ரஷன்னு போடுங்க, டென்ஷன்னு போடுங்க, என்ன வேணும்னாலும் போடுங்க." மகன் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறான். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்து, உதடு மட்டும் அசைய, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். விசாரித்தால், ஒன்றரை வருடத்துக்கு முன்பே வேறொரு டாக்டர் மனச்சிதைவு (ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரீனியா; இல்லாத குரல் கேட்பதும் இல்லாததை நம்புவதுமான நோய்) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடி, 'குணமே ஆகாது, மூளை போகப் போக மழுங்கிவிடும்' என்று எதையோ படித்துவிட்டு, அந்த டாக்டர் சொன்னது தப்பாகத்தான் இருக்கும் என்று அவர்களே தீர்ப்பு எழுதி, மாத்திரையை நிறுத்தி, பையனை அறைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

இது எனக்குப் புதிது இல்லை. அதனால்தான் எரிச்சல். சினிமாக்காரர்கள் காட்டுகிற 'ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள்' சமாச்சாரம் இந்த நோயே கிடையாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதை இன்று விட்டுவிடுகிறேன். அதைவிட அதிகம் கெடுதல் செய்வது இன்னொன்று: 'இந்தப் பேர் வந்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது' என்ற நம்பிக்கை. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் சில மருத்துவர்களுக்கே உண்டு, மற்ற துறைக்காரர்கள் அனுப்புகிற கடிதங்களைப் படித்தால் தெரியும். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அதை எவ்வளவு தூரம் மதிக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் மொரெல் என்ற மருத்துவர் ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பற்றி எழுதினார். வகுப்பிலேயே கெட்டிக்காரனாக இருந்தவன் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து, அப்பாவை வெறுத்து, கடைசியில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் ஒடுங்கிப்போனான். மொரெல் இதற்கு 'இளவயதிலேயே வரும் அறிவுத்தேய்வு' என்ற பொருளில் பெயர் வைத்தார். 1871-இல் ஹெக்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இளைஞர்களிடம் வரும் தாறுமாறான பேச்சும் சிரிப்பும் கொண்ட ஒரு நிலையை விவரித்தார். 1874-இல் கால்பாம், நாள்கணக்கில் அசையாமல் சிலைபோல் உறைந்துவிடுகிற கேடடோனியாவை விவரித்தார். அப்போது இவையெல்லாம் தனித்தனி நோய்கள்.

இவற்றை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான எமில் கிரேப்பலின். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். வந்தபோது என்ன நிலை, அப்புறம் என்ன ஆனது, கடைசியில் எங்கே போய் முடிந்தது என்று அதில் குறித்து, பல வருடம் கழித்து அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்தார். அறிகுறிகளை மட்டும் பார்க்காதே, நோய் போகிற பாதையைப் பார் என்பதுதான் அவருடைய பெரிய யோசனை. இன்றைக்கும் நாங்கள் ஒரே நாளில் முடிவு சொல்லாமல் மாதக்கணக்கில் கவனிப்பதற்குக் காரணம் அந்த யோசனைதான். 1899-இல் வந்த அவருடைய பாடப்புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் பெரிய மனநோய்களை இரண்டாகப் பிரித்தார்: வந்து வந்து போகும் பித்து-மனச்சோர்வு நோய் ஒருபக்கம், மீளாமல் தேய்ந்துகொண்டே போகும் 'டிமென்ஷியா பிரீகாக்ஸ்' (மொரெல் சொன்ன அதே 'இளவயது அறிவுத்தேய்வு') மறுபக்கம்.

சரி, தேய்ந்துகொண்டே போகும் என்று எதை வைத்துச் சொன்னார்? அவர் பார்த்தவர்கள் மனநலக் காப்பகங்களில் கிடந்தவர்கள். மருந்து என்று ஒன்று கிடையாது. அடைத்து வைப்பதுதான் வைத்தியம். லேசாக நோய் வந்து தேறியவர், வீட்டிலேயே சமாளித்தவர், ஒருமுறை வந்துபோய் அப்புறம் எட்டிப் பார்க்காதவர், இவர்களெல்லாம் அவர் அட்டையில் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள்? ஃபெயிலானவர்களுக்கான ட்யூஷன் வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, 'இந்தப் பரீட்சையில் யாருமே பாஸாக மாட்டார்கள் போலிருக்கிறது' என்று சொல்வது மாதிரி இது. போதாக்குறைக்கு, மூளையைத் தாக்கும் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்தவர்களும் அதே வார்டுகளில் இருந்த காலம். சிபிலிஸ் கிருமியே 1905-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது மூளைக்குள் இருப்பது 1913-இல் நிரூபணமானது. அதற்கு முன்னால் யார் எந்த நோயால் தேய்ந்தார்கள் என்று சுத்தமாகப் பிரித்திருக்க முடியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், கிரேப்பலின் கணக்கிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். அவர் அதை மறைக்கவும் இல்லை. 1920-இல், தான் போட்ட அந்த இரட்டைப் பிரிவின் மேலேயே சந்தேகப்பட்டு ஒரு கட்டுரையும் எழுதினார். நோய்க்குக் கோடு போட்டவரே கோடு அழுத்தமாக இல்லை என்று சொல்லிவிட்டார். நூறு வருடம் கழித்து நாம் அதைக் கல்வெட்டாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவர் காலத்திலேயே எதிர்ப்பும் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர், ரைனாவ் என்ற இடத்தில் இருந்த காப்பகத்துக்கு 1886-இல் பொறுப்பேற்று, நோயாளிகளோடேயே பன்னிரண்டு வருடம் இருந்தவர். அவர்களோடு வேலை செய்தார், நடைப்பயணம் போனார், உட்கார்ந்து பேசினார். தள்ளி நின்று பார்த்தவருக்கும் கூட இருந்து பார்த்தவருக்கும் நோய் வேறு மாதிரி தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் இது இளவயதில் வருவதில்லை, எல்லோருக்கும் அறிவு தேய்வதும் இல்லை, ஆகவே பழைய பெயர் சரியில்லை என்று 1908-இல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் சொல்லி, 'ஸ்கிசோஃப்ரீனியா' என்ற புதுப் பெயரை முன்வைத்தார். 1911-இல் வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஸ்கிசோஃப்ரீனியாக்களின் தொகுதி' என்று பன்மையில் போட்டார். அதாவது, நீங்கள் பார்த்துப் பயப்படுகிற அந்தப் பெயரே, 'எல்லோரும் தேய்ந்து போவதில்லை' என்று வாதாடுவதற்காகப் பிறந்த பெயர்.

ஆனால் ப்ளாய்லர் வலையை ரொம்ப அகலமாக வீசிவிட்டார். வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மறைந்திருக்கும் ஸ்கிசோஃப்ரீனியாவும் உண்டு என்றார். இது போதாதா? அமெரிக்காவில் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டினார்கள். 1970 வாக்கில் ஒரே நோயாளிகளின் பேட்டிகளைப் படமெடுத்து அமெரிக்க, பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நோயாளியை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஸ்கிசோஃப்ரீனியா என்றார்கள். பிரிட்டிஷ்காரர்களில் கிட்டத்தட்ட யாருமே அப்படிச் சொல்லவில்லை. சோவியத்தில் நிலைமை இன்னும் மோசம். அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு 'மந்தகதி ஸ்கிசோஃப்ரீனியா' என்று பெயர் கொடுத்து மருத்துவமனைக்குள் தள்ளினார்கள். உலக மனநல மருத்துவச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நிலை வந்ததும், 1983-இல் சோவியத் மருத்துவர்கள் தாங்களே விலகிக்கொண்டார்கள்.

நாஜிக்கள் செய்ததைச் சொல்லாமல் இந்த வரலாறு இல்லை. 1933-இல் கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோய் இருந்தது. 1939-இல் தொடங்கிய கொலைத்திட்டத்தில், 1941-க்குள் சுமார் 70,000 பேரை விஷவாயு செலுத்திக் கொன்றார்கள். அதில் பெரும்பகுதி மனநலக் காப்பக நோயாளிகள். தேர்ந்தெடுத்துப் படிவத்தில் குறி போட்டவர்கள் மருத்துவர்கள். 'தேறாத கேஸ்' என்ற இரண்டு வார்த்தை எதுவரை போகும் என்பதற்கு எங்கள் துறையே சாட்சி. அதனால், பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் நடுங்குவதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் பயத்தை வைத்து இந்தக் காலத்துப் பிள்ளையின் மாத்திரையை நிறுத்துவதைத்தான் திட்டுகிறேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், 'ஸ்கிசோஃப்ரீனியாவை உண்டாக்கும் தாய்' என்று ஒரு கருத்தை எழுதிவைத்தார். அம்மா அன்பில்லாமல், அதிகாரமாக வளர்த்ததால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று இரண்டு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். ஆதாரம் எதுவும் தேறவில்லை, கருத்து செத்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் என் முன்னால் உட்கார்ந்து, "நான் சின்ன வயசுல அடிச்சு வளர்த்தேன், அதனாலதானா டாக்டர்?" என்று அழாத அம்மா அபூர்வம். அதனாலதான் என்று சொல்ல முடியாதம்மா. அடிப்பது தப்புதான், ஆனால் அது மட்டுமே இந்த நோயைக் கொண்டுவந்துவிடாது. மரபணு, பிறப்பதற்கு முன்னும் பின்னும் மூளை வளர்ந்த விதம், பதின்வயதில் கஞ்சா என்று பல கைகள் சேர்ந்து தள்ளுகின்றன.

மருந்து வந்தது 1952-இல். அறுவை சிகிச்சை நோயாளிகளைச் சாந்தப்படுத்தப் பயன்பட்ட குளோர்ப்ரோமசீனை பாரிஸின் சாந்த்-ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை என்ன வைத்திருந்தோம்? இன்சுலின் போட்டுக் கோமாவுக்குக் கொண்டுபோவது, மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டுவது. அப்படி வெட்டியதற்கு 1949-இல் நோபல் பரிசு வேறு. குளோர்ப்ரோமசீன் ஒன்றும் தேவாமிர்தம் இல்லை, கை நடுங்கும், உடம்பு விறைக்கும். ஆனால் வருடக்கணக்கில் காற்றோடு சண்டை போட்டவர்கள் திரும்பி உட்கார்ந்து பேசினார்கள்.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்னுடைய மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் நோயறியும் விதிகளைக் கறாராக்கியது. குறைந்தது ஆறு மாதம் நோயின் தடயம் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கேடடோனியா மாதிரியான பழைய உள்வகைகளை எடுத்தே விட்டார்கள். இன்றும் இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. "அப்புறம் எதுக்கு ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுக்கறீங்க?" என்று கோபப்படுகிறீர்களே, வேறு நோய் இல்லை என்று பார்க்கத்தான். நோய் எதிர்ப்பாற்றல் சொந்த மூளையையே தாக்குகிற ஒரு வகை மூளை அழற்சி 2007-இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. பார்ப்பதற்கு அசல் மனச்சிதைவு போலவே தொடங்கும், வைத்தியம் முற்றிலும் வேறு. அந்தக் காலத்து சிபிலிஸ் கதைதான்.

இனி, 'குணமே ஆகாது' என்பவர்களுக்கு. ப்ளாய்லரின் மகன் மான்ஃப்ரெட் ப்ளாய்லரும் மனநல மருத்துவர். 208 நோயாளிகளை இருபது வருடத்துக்கும் மேல் தானே நேரில் தொடர்ந்து பார்த்து 1972-இல் எழுதினார்: நோய் முடிவில்லாமல் சரிந்துகொண்டே போவதில்லை, சராசரியாக முதல் ஐந்து வருடத்துக்குப் பிறகு மேலும் கெடுவதைவிடத் தேறுவதுதான் நடக்கிறது. 1987-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டிலிருந்து இன்னொரு ஆய்வு. காப்பகத்தின் பின்வார்டுகளில் கைவிடப்பட்டுக் கிடந்து, மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து வெளியே அனுப்பப்பட்டவர்களைச் சராசரியாக 32 வருடம் கழித்துத் தேடிப்பிடித்தார்கள். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நன்றாக முன்னேறியோ முழுக்கத் தேறியோ இருந்தார்கள். எல்லோரும் தேறுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குக் கடுமையாகவே இருக்கிறது, அவர்கள் குடும்பத்திடம் பொய் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முதல் நாளே 'இவன் இப்படித்தான்' என்று சொல்ல யாராலும் முடியாது. என்னாலும் முடியாது, இணையத்தாலும் முடியாது. தேறியவர்களை நீங்கள் பார்க்காததற்குக் காரணம், அவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போவதில்லை.

கையில் இருப்பது நேரம். முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் போகிற மாதங்கள் நீள நீள, தேறுவது கடினமாகிறது. படிப்பில் திடீர் சரிவு, குளிக்காமல் அறையை விட்டு வராமல் இருப்பது, தனியாகப் பேசிச் சிரிப்பது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயம், இதெல்லாம் சில வாரம் நீடித்தாலே காட்டுங்கள். 'வயசுக் கோளாறு, சரியாகிவிடும்' என்று ஒரு வருடம் தள்ளாதீர்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னாலோ, சாகச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றாலோ, அன்றைக்கே வாருங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டில் மறைத்துக் கலக்காதீர்கள். ஏற்கெனவே யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவனுக்கு ஒருநாள் அது தெரிந்துவிட்டால், அவன் சந்தேகப்பட்டது உண்மையாகிவிடும். அவன் சொல்வதை 'பொய், பைத்தியக்காரத்தனம்' என்று மல்லுக்கட்டவும் வேண்டாம், ஆமாம் சாமி போடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலைப்பா, ஆனா உனக்குக் கேக்குதுன்னா பயமாத்தான் இருக்கும்" என்று சொன்னால் போதும். கஞ்சாவை விடச் சொல்லுங்கள். அதில் சமரசமே இல்லை.

நன்றாக இருக்கிறான் என்று மாத்திரையை நிறுத்துகிறீர்களே, மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறான்! முதல்முறை நோய் வந்து தேறியவர்களைத் தொடர்ந்து கவனித்த 1999-ஆம் வருட ஆய்வொன்றில், நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. தூங்கி வழிகிறான், எடை கூடுகிறது, உட்கார முடியாமல் கால் பரபரக்கிறது என்றால் அதை என்னிடம் வந்து சொல்லுங்கள், சண்டை போட்டாவது சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தினமும் மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்குச் சில வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. இரண்டு மருந்தைச் சரியான அளவில், போதுமான காலம் கொடுத்தும் கேட்கவில்லையென்றால் க்ளோசபின் இருக்கிறது. 1975-இல் ஃபின்லாந்தில் சிலருக்கு வெள்ளையணு குறைந்து உயிர் போனதால் பல நாடுகளில் கைவிடப்பட்டு, மற்ற மருந்துக்கு மசியாதவர்களுக்கும் வேலை செய்கிறது என்று 1988-இல் நிரூபணமாகித் திரும்பி வந்த மருந்து அது. ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தம் எடுக்கச் சொல்வேன். அலைச்சல்தான். தயவுசெய்து அதில் ஒரு வாரம்கூட டிமிக்கி கொடுக்காதீர்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த பரிசோதனை வரைக்கும் காத்திருக்காமல் உடனே ஃபோன் பண்ணுங்கள்.